குறைந்த மின்தடையும் குப்பைக் கசிவும்: வேளச்சேரி–பெருங்குடி நிலத்தடியில் மின்தடை அளவாய்வின் வரம்பும் பயனும்

ஆய்வுச் சுருக்கம்

குப்பைக் கிடங்குகளின் கசிவுநீர் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை அறிய மின்தடை அளவாய்வு உலகெங்கும் பயன்படுகிறது. கசிவுநீரில் உப்பு மிகுதி. ஆகவே அது பரவிய மண்ணின் மின்தடை எண் குறையும் என்பதே இதன் அடிப்படை. சதுப்பு நிலக் களிமண்ணும் உவர்நீரும் இயல்பாகவே உள்ள வேளச்சேரி–பெருங்குடிப் பகுதியில் இந்த அடிப்படை தனித்து நிற்காது. இங்கே ஒருமுறை எடுத்த மின்தடைப் படத்தைக் கசிவின் வரைபடமாகக் கொள்வது தவறு. நிலத்தடி அமைப்பை அறியவும், பருவமழைக்கு முன்னும் பின்னும் அளந்து மாற்றத்தைக் காணவும் பயன்படுத்தினால்தான் இந்த முறை இங்கே சான்றாகும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

1. சிக்கலின் இடம்

வேளச்சேரிக்குத் தென்கிழக்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள்ளேயே பெருங்குடிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது. 1980களிலிருந்து தென்சென்னையின் குப்பை இங்கே கொட்டப்பட்டது. அடியில் கசிவைத் தடுக்கும் படலம் எதுவும் விரிக்கப்படவில்லை. 2022 ஏப்ரலில் கிடங்கில் பிடித்த தீ பல நாள் புகைந்தது. அதே ஆண்டு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், 1,247.54 ஹெக்டேர் பரப்புடன், ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பயோமைனிங் பணியைச் சென்னை மாநகராட்சி மேற்கொண்டதும் இந்த ஆண்டுகளில்தான்.

குப்பை கண்ணுக்குத் தெரிவதால் அதை அகற்றியதும் தெரியும். அதிலிருந்து பல ஆண்டுகளாக இறங்கிய நீர் எங்கே போனது என்பது தெரியாது. கிடங்கைச் சுற்றியுள்ள கிணற்று நீரின் வேதியியலை ஆராய்ந்த கட்டுரைகள் உள்ளன. ஆனால் கிணறு என்பது ஒரு புள்ளி. இரண்டு கிணறுகளுக்கு இடையே என்ன இருக்கிறது என்று கேட்கும்போதுதான் புவியியற்பியல் தேவைப்படுகிறது.

2. முறை எதை அளக்கிறது

நிலத்தில் இரண்டு மின்வாய்கள் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, வேறு இரண்டு மின்வாய்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாட்டை அளப்பதே இந்த முறை. ஃபிராங்க் வென்னர் 1915-ல் முன்வைத்த சம இடைவெளி வரிசையும், கான்ராட் ஷ்லும்பர்ஜேயின் வரிசையும் இன்றும் களத்தில் பயன்படுகின்றன. கிராமப்புறங்களில் போர் போடும் இடம் பார்க்க வருபவர்கள் செய்யும் ரெசிஸ்டிவிட்டி சர்வேயும் இதுவே. இப்போது பல பத்து மின்வாய்களை ஒரே கோட்டில் நட்டு, கருவியே இணைகளை மாற்றி மாற்றி அளந்து, நிலத்தின் செங்குத்து வெட்டுமுகத்தைக் கணினியில் வரைந்து தருகிறது.

மணற்பாங்கான மண்ணில் மின்தடை எண்ணுக்கும் துளை நீரின் உப்புக்கும் உள்ள உறவை ஆர்ச்சி 1942-ல் வகுத்தார். துளைமை 30 விழுக்காடு, அடுக்கெண் 2 என்று கொண்டால், நீர் நிறைந்த மணலின் மின்தடை எண் அந்த நீருடையதைப் போல ஏறத்தாழ 11 மடங்கு. நீரின் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 1,000 மைக்ரோசீமன்ஸ் என்றால் மணல் 110 ஓம்-மீட்டர் காட்டும். 10,000 என்றால் 11 ஓம்-மீட்டர். பத்து மடங்கு வேறுபாட்டை எந்தக் கருவியும் பிடித்துவிடும். குப்பைக் கிடங்கு ஆய்வுகளில் இந்த முறை பெற்ற நம்பிக்கைக்குக் காரணம் இந்தக் கணக்கு.

ஆனால் கருவி காண்பது அயனிகளின் மொத்தத்தை மட்டுமே. நஞ்சை அது பிரித்தறியாது. இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) ஈயத்துக்கு வகுத்த வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அந்த வரம்பைப் பல மடங்கு மீறினாலும் மின்தடை எண்ணில் அசைவு தெரியாது. மறுபுறம், அதே தரம் மாற்று நீர் இல்லாத இடத்தில் கரைந்த உப்பை 2,000 மில்லிகிராம் வரை ஏற்கிறது. அத்தகைய நீரின் மின்தடை எண் சுமார் 3 ஓம்-மீட்டர்தான். தரத்துக்கு உட்பட்ட நீர் படத்தில் சந்தேகத்துக்குரியதாகவும், தரம் மீறிய நீர் குற்றமற்றதாகவும் தோன்ற முடியும்.

3. இந்த மண்ணில் ஏன் தடுமாறுகிறது

வேளச்சேரி, கிண்டி, தரமணிப் பகுதிகளின் அடியில் இருப்பது சார்னோகைட் பாறை. பரங்கிமலையில் வெளியே தெரிவதும் அதுவே. உடையாத பாறையின் மின்தடை எண் ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர். அதன் மேல் சிதைவுப் பாறை. சதுப்பை நோக்கிப் போகப்போக அதற்கும் மேலே களிமண். கிழக்கே கடலை நெருங்கினால் மணல். சதுப்பு நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கோவளம் முகத்துவாரத்துக்குப் போகிறது. அதனால் சதுப்பின் நீரில் நன்னீரும் உவர்நீரும் கலந்தே இருக்கின்றன.

இங்கே ஆர்ச்சியின் உறவு தளர்கிறது. களிமண்ணில் மின்னோட்டம் துளை நீர் வழியாக மட்டுமன்றிக் களித் துகள்களின் மேற்பரப்பு வழியாகவும் பாய்கிறது. எனவே நல்ல தண்ணீர் ஊறிய களிமண்ணே 10 ஓம்-மீட்டர் அளவில் காட்டலாம். உவர்நீர் ஊறியது அதற்கும் வெகு கீழே. கசிவுநீர் புகுந்த மணலுக்கு நாம் கணக்கிட்ட 11 ஓம்-மீட்டரும் இதே எல்லையில்தான் விழுகிறது.

இதோடு சமானத்துவச் சிக்கலும் சேர்கிறது. அதிக மின்தடையுள்ள அடுக்குகளுக்கு இடையே கிடக்கும் மெல்லிய கடத்தும் அடுக்கைப் பொறுத்தவரை, கருவிக்குத் தெரிவது தடிமனை மின்தடை எண்ணால் வகுத்த ஈவு மட்டுமே. 2 ஓம்-மீட்டரில் 10 மீட்டர்க் களிமண்ணுக்கும், 1 ஓம்-மீட்டரில் 5 மீட்டர்க் கசிவுப் படுகைக்கும் ஈவு ஒன்றே: 5 சீமன்ஸ். எது உண்மை என்று கணினி தானாகச் சொல்லாது. வெட்டுமுகப் படத்தில் குறைந்த மின்தடையைக் குறிக்கும் நீல நிறத்தை எல்லாம் மாசு என்று படிப்பவர், மென்பொருளின் முன்முடிவையே முடிவாக எடுத்துக்கொள்கிறார்.

உப்பின் மூலமும் ஒன்றல்ல. கிடங்கை ஒட்டியே பெருங்குடிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. வேளச்சேரி ஏரியிலும் கால்வாய்களிலும் வீட்டுக் கழிவுநீர் கலக்கிறது. பழைய வீடுகளின் செப்டிக் டாங்குகளும் உள்ளன. போர்த் தண்ணீர் மஞ்சளாக வருவதைக் குப்பை மேட்டோடு இணைத்துப் பேசுவதும் வழக்கம். உயிர்வளி குறைந்த சதுப்பு மண்ணில் இரும்பு இயல்பாகவே கரையும் என்பதால் அந்த நிறமும் தனியே சான்றாகாது.

4. நீர் எந்தப் பக்கம் போகிறது

நிலச் சரிவின்படி வேளச்சேரியின் நீர் சதுப்புக்குப் போகிறதே தவிர, சதுப்பிலிருந்து வேளச்சேரிக்கு வருவதில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி மூழ்கியது இந்த வழி அடைபட்டதன் விளைவுகளில் ஒன்று. நிலத்தடி நீரும் இதே திசையில் போனால், கிடங்கின் கசிவு வேளச்சேரிக் கிணறுகளைத் தொட வழியில்லை. அடுக்குமாடிகளின் ஆழ்துளைக் கிணறுகளும் தண்ணீர் லாரிகளுக்காக இறைக்கும் கிணறுகளும் கோடையில் நீர்மட்டத்தைச் சதுப்பின் மட்டத்துக்குக் கீழே இழுத்தால் மட்டுமே ஓட்டம் திரும்பும்.

ஆகவே ஆராய வேண்டிய கேள்வி, கசிவு இருக்கிறதா என்பதைவிட, எந்தப் பருவத்தில், எந்தப் பாறைப் பள்ளத்தின் வழியே நகர்கிறது என்பதே. ஒருமுறை எடுத்த படம் திசையைச் சொல்லாது. நீர்மட்ட அளவீடும் காலத்தொடர் அளவீடும் சேர்ந்தால்தான் திசை தெரியும்.

5. முறையைத் திருத்திப் பயன்படுத்தல்

முதலாவதாக, மின்தடை அளவாய்வை நிலத்தடி அமைப்பை அறியும் கருவியாகக் கொள்ள வேண்டும். களிமண்ணுக்கும் சார்னோகைட்டுக்கும் இடையே நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு இருப்பதால், கடும் பாறையின் மேற்பரப்பு எங்கே பள்ளமாகிறது என்பதை இந்த முறை ஓரளவு நம்பத்தக்க வகையில் காட்டும். அந்தப் பள்ளங்களே கசிவு நகரக்கூடிய வழிகள். ஆனால் தடித்த களிமண்ணின் கீழுள்ள குறுகிய பாறைப் பிளவுகள் இதற்குத் தப்பிவிடும்.

இரண்டாவதாக, ஒரே கோட்டில் பருவமழைக்கு முன் செப்டம்பரிலும், பின் ஜனவரியிலும் அளக்க வேண்டும். உவர் களிமண் இந்த இடைவெளியில் பெரிதாக மாறாது. நன்னீர் ஊறும் மணலிலும் சிதைவுப் பாறையிலும் உப்பு கரைந்து நீர்த்துப்போவதால் மின்தடை எண் உயரும். கசிவு நகரும் வழியில், மழை குப்பையின் உப்பைக் கழுவிக் கொண்டுவருவதால், அது குறையும். குறைவின் அளவு தராத விடையை மாற்றத்தின் திசை தருகிறது. இங்கே இரண்டு எச்சரிக்கைகள். மழையால் நீர்மட்டம் உயர்ந்து வறண்ட மண் நனைந்தாலும் மின்தடை எண் குறையும். எனவே செப்டம்பர் நீர்மட்டத்துக்குக் கீழுள்ள பகுதியை மட்டுமே ஒப்பிட வேண்டும். வெப்பம் ஒரு பாகை மாறினால் கடத்துத்திறன் சுமார் 2 விழுக்காடு மாறும். மேல் மண்ணுக்கு அந்தத் திருத்தம் தேவை.

மூன்றாவதாக, தூண்டு முனைவாக்க அளவீட்டையும் உடன் எடுக்க வேண்டும். மின்னோட்டத்தை நிறுத்திய பின் நிலம் சிறிது நேரம் மின்னேற்றத்தைத் தக்கவைப்பதை இது அளக்கிறது. களித் துகள்களால் வரும் கடத்தலை நீரின் உப்பால் வரும் கடத்தலிலிருந்து பிரிக்க இது உதவும். குப்பைக் குவியல் பெரும்பாலும் உயர்ந்த முனைவாக்கம் காட்டுவதால், அதன் அடித்தளம் எங்கே முடிந்து இயற்கைக் களிமண் தொடங்குகிறது என்பதற்கும் குறிப்புக் கிடைக்கும்.

நான்காவதாக, வேதியியல். குளோரைடு மட்டும் போதாது. கடல்நீரில் குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள எடை விகிதம் ஏறத்தாழ 290. உவர்நீர் கலந்த கிணறுகள் இந்த விகிதத்தை ஒட்டி நிற்கும். அம்மோனியம், பொட்டாசியம், போரான் ஆகியவை சேர்ந்து உயர்ந்தால் சந்தேகம் குப்பை, கழிவுநீர்ப் பக்கம் நகரும்.

6. களத்தின் கட்டுப்பாடுகளும் ஓர் எதிர்வாதமும்

வென்னர் வரிசையில் ஆராயும் ஆழம் கோட்டின் மொத்த நீளத்தில் சுமார் 17 விழுக்காடு. 30 மீட்டர் ஆழம் பார்க்க ஏறத்தாழ 175 மீட்டர் நேர்க்கோடு வேண்டும். வேளச்சேரித் தெருவில் அது எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் கீழே இரும்புக் குழாய்கள், மின் கேபிள்கள், பறக்கும் ரயில் தூண்களின் கம்பிக் கட்டுகள் எல்லாம் மின்னோட்டத்தைத் திருப்பிவிடும். ஏரிக்கரை, கல்லூரி மைதானம், சதுப்பின் விளிம்பு ஆகியவையே நடைமுறையில் உள்ள இடங்கள். ஒப்பீட்டுக்கு ஒரு கோடு கிடங்கின் பாதிப்பு எட்டாத, அதே பாறையுள்ள இடத்தில் வேண்டும். வேளச்சேரியை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகமும் கிண்டிக் காட்டுப் பக்கமும் அதற்குப் பொருத்தமானவை.

இத்தனை ஐயங்கள் இருந்தால் நேராகத் துளையிட்டு மாதிரி எடுப்பதே மேல் என்று கூறலாம். அதற்கு இரண்டு மறுமொழிகள் உண்டு. கிடங்கின் அடியிலுள்ள களிமண்ணே கசிவு கீழிறங்குவதைத் தடுக்கும் ஒரே படலமாக இருக்கக்கூடும். அறியாமல் துளையிட்டால் நாமே சிதைவுப் பாறைக்கு வழி திறந்துவிடுவோம். மேலும், துளைகளின் எண்ணிக்கை பணத்தால் வரையறுக்கப்பட்டது. எங்கே இடுவது என்று சொல்ல ஏதோ ஒன்று வேண்டும். அந்த முடிவை எடுக்கத் தேவையான துல்லியம் மின்தடை முறைக்கு உண்டு. மாசு உண்டா இல்லையா என்று தீர்ப்புக் கூறும் துல்லியம் இங்கே அதற்கு இல்லை. இரண்டையும் குழப்பாமல் இருந்தால் முறையும் பிழைக்கும், முடிவும் பிழைக்கும்.

7. முடிவுரை

பயோமைனிங் முடிந்த நிலம் மீட்கப்பட்ட நிலம் என்று அறிவிக்கப்படும்போது அந்தச் சொல் குப்பைக்கு மட்டுமே பொருந்தும். கசிந்த நீருக்குப் பொருந்தாது. மூலத்தை அகற்றிய பின்னும் களிமண் உள்வாங்கிய உப்பு மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கலாம். அது எத்தனை ஆண்டு தொடர்கிறது என்பதை அளக்க, கிடங்கின் சுற்றுவட்டத்திலும் வேளச்சேரிப் பக்கத்திலும் நிலையான சில கோடுகளை வரையறுத்து, ஆண்டுக்கு இருமுறை, நீர்மட்டத்தோடும் வேதியியலோடும் சேர்த்து அளக்க வேண்டும். குப்பை இருந்தபோதைய அளவீடு அகற்றிய இடங்களில் இனிக் கிடைக்காது. சுற்றுவட்டத்தில் முதல் அளவீட்டை இன்னும் எடுக்கலாம். அடுத்த பருவமழைக்கு முன் அதை எடுக்காவிட்டால், நிலம் தேறுகிறதா என்ற கேள்விக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆண்டு குறையும்.