ஊதாத் தவளையின் உறவுமுறை: ஒப்புமை எப்போது சான்றாகிறது?

மனிதனின் கை, வௌவாலின் சிறகு, திமிங்கிலத்தின் துடுப்பு ஆகியவற்றின் எலும்புகள் ஒரே ஒழுங்கில் அமைந்தவை. இவற்றை 'அமைப்பு ஒத்த உறுப்புகள்' என 1843-இல் வரையறுத்த ரிச்சர்ட் ஓவன், அதற்குக் காரணம் ஒரு மூலமாதிரி என்றே கருதினார். அது பொது மூதாதையின் எச்சம் என்று 1859-இல் விளக்கியவர் டார்வின்.

ஆயினும் எல்லா ஒப்புமையும் உறவாகாது. பறவையின் சிறகும் பூச்சியின் சிறகும் செயலால் மட்டுமே ஒத்தவை. இவ்விரண்டையும் பிரித்தறிவதன் கடினத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளை உணர்த்துகிறது.

1917–18 காலத்தில் நெல்சன் அன்னண்டேலும் சி. ஆர். நாராயண ராவும், ஓடை வேகத்தில் பாறையைப் பற்றிக்கொள்ளும் உறிஞ்சு வாயுடைய தலைப்பிரட்டை ஒன்றைப் பதிவு செய்தனர். அதன் முதிர்ந்த உருவம் எது என்பது அப்போது தெரியவில்லை. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழிக்கும் அத்தவளையை, 2003-இல் எஸ். டி. பிஜுவும் பிராங்கி போசுயிட்டும் 'நாசிகபட்ராகஸ் சஹ்யாட்ரென்சிஸ்' எனப் பெயரிட்டு அறிவித்தனர். பிஜு அப்போது பணியாற்றியது, வித்துராவை அடுத்த பாலோட்டின் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில். அதன் பின்னரே பழைய தலைப்பிரட்டை தன் இனத்தோடு இணைக்கப்பட்டது.

கூரிய மூக்கும் பருத்த உடலும் மண் தோண்டும் பிற தவளைகளிலும் உண்டு. அவை வாழ்முறை தந்த ஒப்புமைகள். உறிஞ்சு வாயும் அத்தகையதே. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த ஓடைத் தலைப்பிரட்டைகளிலும் அது காணப்படுகிறது. டி.என்.ஏ. வரிசைகளின் ஒப்பீடோ, உருவில் சிறிதும் ஒவ்வாத சீஷெல்ஸ் தீவுகளின் சூகுளோசிடே குடும்பத்தையே நெருங்கிய உறவாகக் காட்டியது. இந்தியாவும் சீஷெல்ஸும் ஒரே நிலத்திட்டாய் இருந்து, சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை என்னும் நிலவியல் உண்மையோடு இம்முடிவு பொருந்துகிறது. 2017-இல் தமிழகத்தின் திருவில்லிபுத்தூர்ப் பகுதியிலிருந்து இரண்டாம் இனமான 'நாசிகபட்ராகஸ் பூபதி' விவரிக்கப்பட்டது.

2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் 'மரபுவழியும் பரிணாமமும்' என்னும் பாடம் 'மரபுவழி' எனச் சுருங்கியது. அமைப்பு ஒத்த உறுப்புகள் இடம்பெற்றிருந்த பகுதியும் நீங்கியது. இதை எதிர்த்து 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டனர். இந்த நூலை மட்டும் பயின்று, பத்தாம் வகுப்புக்குப் பின் உயிரியலைத் தொடராத மாணவர், தோற்ற ஒற்றுமைக்கும் உறவுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பறையில் அறியும் வாய்ப்பு குறைந்தது. தம் மலையின் மண்ணடியில் வாழும் தவளையின் சொந்தம் கடலுக்கு அப்பால் இருப்பது எப்படி என்று கேட்கும் கருவியை அவர் இழக்கிறார்.