முழங்காலா, பாயா, நாற்காலியா?

கிறிஸ்தவ ஜெபம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது முழங்காலிட்டுக் கைகூப்பி நிற்கும் உருவம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழங்காலிடவே கூடாது என்று ஒரு காலத்தில் விதி இருந்தது தெரியுமா? கி.பி. 325-ல் கூடிய நைசியா சங்கத்தின் 20-வது விதி அது. ஞாயிறன்றும், ஈஸ்டர் முதல் பெந்தெகொஸ்தே வரையிலும் எல்லாரும் நின்றுகொண்டேதான் ஜெபிக்க வேண்டும். முழங்காலிடுவது அன்று மனஸ்தாபத்தின் அடையாளம். உயிர்த்தெழுதலைக் கொண்டாடும் நாளுக்கு அது பொருந்தாது என்று நினைத்தார்கள்.

ஐரோப்பாவில்கூட நெடுங்காலம் கோயிலுக்குள் சாதாரண ஜனங்களுக்குப் பெஞ்ச் கிடையாது. 16-ம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பிரசங்கம் நீளமானது, பெஞ்சும் பெருகியது. ஆக, இப்படித்தான் ஜெபிக்க வேண்டும் என்று ஒரே முறை எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. எப்படி உட்காருவது என்பதோடு, யார் எங்கே, எதன் மேல் உட்காருவது என்ற கேள்வியும் இங்கே சேர்ந்துகொண்டது. 1706-ல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு அடுத்த ஆண்டே ஒரு கோயில் கட்டினார். அதில் ஐரோப்பிய உடை போட்டவர்களுக்குப் பெஞ்சும் நாற்காலியும். தமிழ் உடைக்காரர்களுக்குப் பாயும் வெறுந்தரையும். பிறகு வந்த சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இடம் என்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. சபைக்குள் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகினார்கள்!

கத்தோலிக்கர்களிடமும் இதே கதைதான். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் இரண்டு பக்கமாகப் பிரித்தே கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, நடுவில் சுவர். 1910-ல் சுவர் இடிக்கப்பட்டது. மேல்சாதித் தரப்பு தங்கள் உரிமை போயிற்று என்று கோர்ட்டுக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1969-ஐப் பார்க்க வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, இந்தியப் பண்பாட்டுக்கு ஏற்றபடி வழிபாட்டில் 12 மாற்றங்களுக்கு அந்த ஆண்டு ரோம் அனுமதி தந்தது. பூசையின்போது தரையில் உட்காரலாம். செருப்பைக் கழற்றலாம். ஒரு முழங்காலை மடக்கி வணங்குவதற்குப் பதில் கைகூப்பிக் குனிந்து வணங்கலாம். பஞ்சாங்க நமஸ்காரமும் செய்யலாம். இந்த முயற்சிக்கு முன்னின்றவர், பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடங்கிய தமிழரான அருட்தந்தை அமலோர்பவதாஸ்.

நோக்கம் நல்லதுதான். தரையில் உட்காருவது இந்த மண்ணின் பழக்கம் என்பதும் உண்மைதான். ஆனால் பாட்டன், பூட்டன் காலத்தில் வெறுந்தரையில் ஒதுக்கி வைக்கப்பட்டவரின் பேரனுக்கும் தரை என்றால் அதே அர்த்தமா? இந்தியப் பண்பாடு என்ற பெயரில் மேல்சாதிப் பண்பாடே கோயிலுக்குள் வருகிறது என்று தலித் கிறிஸ்தவர்கள் பிற்பாடு விமர்சித்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை எல்லாரும் ஒரே வரிசையில் உட்காரும் பெஞ்ச் வெள்ளைக்காரன் விட்டுப்போன சாமான் அல்ல; போராடி வாங்கிய மரியாதை.

வேளாங்கண்ணியில் சுடுமணலில் முழங்காலாலேயே நடந்து போகிறவர்களை இன்றும் பார்க்கலாம். அந்த வலியை யாரும் அவர்கள் மேல் திணிக்கவில்லை. நேர்ந்துகொண்டு தாங்களே ஏற்றது. மறைமலை நகர், ஒரகடம் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்று வேலை பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி ஜெபிக்கிறார் என்றால் அதில் பக்தி குறைந்துவிடுமா?

முழங்காலோ, பாயோ, நாற்காலியோ, ஜெபிக்கிறவரே தேர்ந்தெடுத்தால் அது பக்தி. அடுத்தவருக்கு இதுதான் உன் இடம் என்று காட்டத் தொடங்கும்போதுதான் பிரச்சினையே ஆரம்பிக்கிறது. தரங்கம்பாடியிலும் வடக்கன்குளத்திலும் நடந்தது அதுதான்.