துருவக் காற்றைப் பிடித்த கதை

பூமியின் ஈர்ப்பு விசை காற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அது முழு உண்மையல்ல. இரு துருவங்களுக்கும் மேலே, மின்னூட்டம் பெற்ற அணுக்களான அயனிகள் ஓயாமல் விண்வெளிக்குக் கசிகின்றன. இதற்குத் 'துருவக் காற்று' என்று பெயர். 1968ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானிகள் இதைக் கணித்திருந்தார்கள்.

சூரியனின் புறஊதாக் கதிர்கள், உயரத்திலுள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரிக்கின்றன. எடை குறைந்த எலெக்ட்ரான்கள் முதலில் மேலெழும்ப, அதனால் உண்டாகும் மின்புலம் அயனிகளையும் பின்னால் இழுக்கிறது. துருவங்களில் பூமியின் காந்தக் கோடுகள் விண்வெளியை நோக்கித் திறந்திருப்பதால் வழி மறிப்பார் இல்லை.

ஆனால் இவற்றை அளப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. சூரிய ஒளி பட்ட துணைக்கோள் நேர்மின்னூட்டம் பெற்றுவிடும். மெதுவாக வரும் நேர்மின் அயனிகளை அதுவே விலக்கித் தள்ளும். அளக்கப் போன கருவியே அளவுக்குத் தடை!

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 'கிளஸ்டர்' திட்டத்தில் விடை கிடைத்தது. ஜெர்மனியின் பிரீட்ரிக்ஸ்ஹாஃபனில் டோர்னியர் நிறுவனத்தின் தலைமையில் உருவான நான்கு துணைக்கோள்கள் 2000ஆம் ஆண்டு ஏவப்பட்டன. அவற்றை இயக்கியது டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள கட்டுப்பாட்டு மையம்.

ஆற்று நடுவே நிற்கும் பாறைக்குப் பின்னால் நீரோட்டம் கலைவதுபோல, துணைக்கோளுக்குப் பின்னால் அயனிகளற்ற ஒரு நிழல் விழுகிறது. கம்பிகளால் மின்புலத்தை அளக்கும் கருவி இந்த நிழலால் ஏமாறும். கார்கிங் நகர மாக்ஸ் பிளாங்க் ஆய்வகம் தலைமையேற்று அமைத்த இன்னொரு கருவி ஏமாறாது. அது எலெக்ட்ரான் கற்றையை எய்து, காந்தப்புலத்தில் நெடுந்தூரம் சுற்றித் திரும்புவதைக் கணிக்கிறது. இரு அளவுகளின் வித்தியாசமே அயனிகளின் வேகத்தைச் சொல்லிவிட்டது. பிழையே அளவுகோலாயிற்று. கண்ணுக்குத் தப்பிய இந்தக் குளிர்ந்த அயனிகளே கசிவில் பெரும்பங்கு என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

காற்று தீர்ந்துவிடுமோ? வினாடிக்கு ஏறத்தாழ 1 கிலோ போகிறது. வாயு மண்டலத்தின் எடையோ சுமார் 50 கோடி கோடி டன். இதே வேகத்தில் அது தீர 16,000 கோடி ஆண்டுகளாகும். சூரியனுக்கே இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகள்தாம் ஆயுள். நான்கில் ஒன்றான 'சல்சா' 2024 செப்டம்பரில் பசிபிக் பெருங்கடலுக்கு மேலே எரிந்து முடிந்தது. நமக்குக் கவலையில்லை என்று அது கணக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.