போகாமல் இருந்தவர்கள்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் நெடுஞ்சாலை பெல்மதுளைச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பலாங்கொடைக்குச் செல்கிறது. மற்றையது கஹவத்தைப் பக்கம் திரும்புகிறது. அந்தச் சந்தியிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள ஒரு தோட்டத்தில்தான் என் இளமைக்காலம் கழிந்தது. எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு முதியவர் இருந்தார். கேகாலைப் பக்கத்திலிருந்து வந்தவராதலால் அவரைக் 'கேகாலைத் தாத்தா' என்றே அழைப்போம்.

நேவ்ஸ்மியர் தோட்டத்தில் தாம் வேலை செய்த நாட்களைப் பற்றி அவர் அடிக்கடி பேசுவார். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு விடுமுறையின்போது, "அந்தப் போராட்டத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். "நாங்க ஒண்ணும் செய்யல தம்பி. போகச் சொன்னாங்க, போகல. அவ்வளவுதான்" என்றார். அன்று எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. அந்த விடையின் கனத்தை உணரப் பல ஆண்டுகள் ஆயின.

கேகாலை மாவட்டத்திலுள்ள நேவ்ஸ்மியர் தோட்டத்தை, கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் சுவீகரித்தது. காணியற்ற கிராமத்தவர்க்கு அதைப் பகிர்ந்தளிப்பதே திட்டம். அங்கு வாழ்ந்த நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களுக்கு வெளியேறுமாறு அறிவித்தல் கொடுக்கப்பட்டது. விவசாய, காணி அமைச்சராக அப்போது இருந்தவர் டி. எஸ். சேனாநாயக்க.

இங்கே ஒரு நியாயத்தை மறைக்கலாகாது. கிராமத்தவரின் காணிப் பசி உண்மையானது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டமும், 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டமும் உறுதிப்பத்திரம் காட்ட இயலாத கிராமத்தவரின் காட்டையும் சேனையையும் அரசுக்கு உரித்தாக்கின. அவை தோட்டங்களாயின. நூறாண்டு கழித்து அந்தக் கடனைத் தீர்க்க முற்பட்ட அரசு, தோட்டங்களால் இலாபம் கண்டவரிடமிருந்து அன்றி, அங்கே கூலிக்கு உழைத்தவரின் காம்பராவிலிருந்து அதை வசூலிக்கப் பார்த்தது. நிலம் இழந்த விவசாயியும் நிலமே இல்லாத தொழிலாளியும் இப்படித்தான் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள்.

வெளிநாட்டு நகரங்களில் வாழும் வாசகர்கள் வேறொரு வகை வெளியேற்றத்தை அறிவார்கள். குடியேறிகள் வாழ்ந்த பழைய தெருவுக்குத் திடீரென மதிப்பு ஏறும், வாடகை உயரும், வசதி படைத்தோர் வருவார்கள், அதுவரை இருந்தவர்கள் விலகிப் போவார்கள். இலண்டனில் இதைக் கவனித்த சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964இல் அதற்கொரு பெயரும் சூட்டினார். தோட்டத்தில் வாடகை என்ற பேச்சே இல்லை. குடியிருப்பு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. செக்ரோலில் பெயர் வெட்டப்பட்டால் காம்பராவும் போயிற்று. அதன் பிறகும் உள்ளே இருப்பவர் தண்டனைக் கோவையின்படி அத்துமீறியவர் என வழக்குத் தொடரலாம். பாட்டன் காலத்திலிருந்து வாழ்ந்த இடத்தில், ஒரு கடிதத்தால் ஒருவர் குற்றவாளியாகிவிடலாம்.

நேவ்ஸ்மியர் மக்கள் வெளியேற மறுத்தார்கள். 1946 ஜூனில் அவர்களுக்கு ஆதரவாகத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நேரு இலங்கைக்கு வந்த 1939இல் உருவான இலங்கை இந்தியக் காங்கிரஸும் அதன் தொழிற்சங்கமும் அதை முன்னெடுத்தன. சம்பளத்துக்கோ பஞ்சப்படிக்கோ அன்றி, குடியிருக்கும் உரிமைக்காகவே நடந்த வேலைநிறுத்தம் என்பது அதன் சிறப்பு. அரசு இறங்கி வரவில்லை. வெளியேறாதவர்கள் குற்றமுறையான அத்துமீறலுக்காக நீதிமன்றில் நிறுத்தப்பட்டுத் தண்டிக்கப்பட்டார்கள்.

வழக்கு அத்தோடு முடியவில்லை. இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை அது சென்றது. மேன்முறையீட்டாளரின் பெயர் செல்வநாயகம். தமிழரசுக் கட்சியின் தலைவரல்லர், ஒரு தோட்டத் தொழிலாளி. 'செல்வநாயகம் எதிர் மன்னர்' என்ற அந்த வழக்கில் 1950இல் தீர்ப்பு வந்தது. அதன் சாரம் இதுதான்: தன் வீட்டில் தொடர்ந்து இருப்பதே ஒருவரின் முதன்மையான நோக்கமாயின், அதனால் காணிக்குப் பொறுப்பானவருக்குத் தொந்தரவு உண்டாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தாலும், தொந்தரவு கொடுப்பதே நோக்கம் என்றாகிவிடாது. தனக்கு உரிமை உண்டென நேர்மையாக நம்புபவர், அந்நம்பிக்கை சட்டப்படி தவறானதாயினும், குற்றவாளி ஆவதில்லை. தண்டனை இரத்தாயிற்று.

தீர்ப்பு அவர்களுக்குக் காணியைத் தரவில்லை. குற்றவாளிகள் அல்லர் என்று மட்டுமே சொல்லிற்று. அதற்குள் காலமும் கடந்துவிட்டது. 1947இல் மலையகத் தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளர்கள் வென்றார்கள். அடுத்த ஆண்டே, பிரதமராகிவிட்ட சேனாநாயக்கவின் அரசு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. காம்பராவில் இருப்பது அத்துமீறல் அல்ல என்று இலண்டன் சொன்ன வேளையில், அத்தொழிலாளியின் மக்கள் பல இலட்சம் பேர் நாட்டிலேயே அந்நியர் ஆகியிருந்தார்கள். ஒரு தோட்டத்திலிருந்து வெளியேற மறுத்தவர்களை, ஒரு நாட்டின் பதிவேட்டிலிருந்தே வெளியேற்ற ஒரு சட்டம் போதுமானதாயிற்று.

பின்வந்த கதையைச் சப்ரகமுவத் தமிழர் நன்கறிவர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாக, அவர்களைக் கேளாமலே பங்கிட்டார்கள். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் கைமாறியபோது பலர் வேலையோடு காம்பராவையும் இழந்தார்கள். 1977 மே மாதம், டெவன் தோட்டத்துக் காணிப் பங்கீட்டை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. அன்று சிறுவனாக இருந்த நான், எங்கள் அயலவர் சிலர் மூட்டை முடிச்சுகளுடன் பெல்மதுளைச் சந்தியில் நின்றதைக் கண்டேன். அவர்களிற் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள், எல்லோரும் திரும்பவில்லை.

கேகாலைத் தாத்தா திரும்பிப் போக விரும்பிய இடம் ஏதுமில்லை. எங்கள் லயத்திலேயே காலமானார்.

2003இல் சட்டம் இயற்றப்பட்டுக் குடியுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. 2015க்குப் பின்னர் 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடுகள் எனும் பேச்சு தொடங்கிச் சில இடங்களில் வீடுகளும் எழுந்தன. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். எனினும் லயங்களில் வாழ்வோர் தொகை இன்றும் பெரிது. காணி உறுதி கையில் இல்லாதவர் தொகை அதைவிடப் பெரிது.

போராட்டம் என்றதும் ஊர்வலத்தையும் கொடியையும் எழுதிப் பழகியவர்கள் நாங்கள். வீட்டு வாசலில் அடுப்பை மூட்டி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, மறுநாளும் அங்கேயே விழித்தெழுவதைச் செய்தியாக எழுத எங்களுக்குத் தெரிந்ததில்லை. நேவ்ஸ்மியர் மக்கள் செய்தது அதுதான். அதைக் குற்றமெனச் சொல்ல ஓர் அரசும், அன்றெனச் சொல்ல ஓர் உயர் நீதிபீடமும் தேவைப்பட்டன. 'ஒண்ணும் செய்யல' என்று தாத்தா சொன்னது அடக்கத்தால் என்றே இப்போது நினைக்கிறேன்.