கோத்தா திங்கிக் கடற்கரை

கோத்தா திங்கிக் கடற்கரை என்பது மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், வடக்கே செடிலி பெசார் ஆற்றின் முகத்துவாரம் தொடங்கித் தெற்கே பெங்கெராங் வரை நீளும் கரைப்பகுதி. கிழக்கே தென்சீனக் கடலும் தெற்கே சிங்கப்பூர் நீரிணையும் இதன் எல்லைகள். தஞ்சோங் செடிலி, தெலுக் மக்கோத்தா, தஞ்சோங் பாலாவ், தேசாரு, பத்து லாயார், தெலுக் ராமுனியா, சுங்கை ரெங்கிட் ஆகியவை இக்கரையின் அறியப்பட்ட இடங்கள். மாவட்டத் தலைநகரான கோத்தா திங்கி கடலோரத்தில் இல்லை; ஜொகூர் பாருவுக்கு வடகிழக்கே சுமார் 42 கி.மீ. தொலைவில், ஜொகூர் ஆற்றங்கரையில் உள்ளது. இப்பகுதியின் வரலாறு அந்த ஆற்றில்தான் தொடங்குகிறது.

1511இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்தது. நாடிழந்த சுல்தான் மாமுட் ஷா 1528இல் சுமத்ராவின் கம்பாரில் இறந்தார். அவருடைய மகன் அலாவுதீன் ரியாயாட் ஷா ஜொகூர் ஆற்றங்கரையில் புதிய அரசை நிறுவினார். கடலிலிருந்து வரும் கப்பலை முன்கூட்டியே காணவும், தேவைப்பட்டால் ஆற்றின் மேற்பகுதிக்குப் பின்வாங்கவும் ஏற்ற இடம் அது. அந்த முன்யோசனை வீண்போகவில்லை. போர்த்துகீசியரும் ஆச்சே நாட்டாரும் மாறி மாறித் தாக்க, தலைநகர் ஆற்றின் மேலும் கீழுமாக இடம் மாறிக்கொண்டே இருந்தது. அவற்றுள் பெயர் பெற்றது ஜொகூர் லாமா. மண்மேடு எழுப்பி அரண் செய்யப்பட்ட இந்நகரைப் போர்த்துகீசியர் 1587இல் அழித்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கு அகழாய்வுகள் நடந்தன. மண்ணரணின் எச்சங்களை இன்றும் காணலாம்.

ஜொகூர் லாமாவுக்குப் பின் தலைநகரானது பத்து சாவார். அக்காலத்தில், 1603 பிப்ரவரி 25 அன்று, ஜொகூர் ஆற்று முகத்துக்கு அருகே டச்சுக் கப்பல் தலைவர் ஹீம்ஸ்கெர்க், ஜொகூர் அரசின் துணையுடன், ‘சாந்தா கத்தரீனா’ என்ற போர்த்துகீசியக் கப்பலைக் கைப்பற்றினார். அதிலிருந்த சீனப்பட்டும் பீங்கானும் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயின. இச்செயல் முறையானதே என்று வாதாட அமர்த்தப்பட்ட ஹியூகோ குரோட்டியஸ், கடல் எவருக்கும் தனியுரிமை அன்று என்னும் கருத்தை 1609இல் நூலாக வெளியிட்டார். பன்னாட்டுக் கடற்சட்டத்தின் தொடக்க நூல்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. இத்தனை பெரிய நிகழ்ச்சி நடந்த நீர்ப்பரப்பு என்பது இங்கு விடுமுறைக்கு வருவோரில் பெரும்பாலோர்க்குத் தெரியாது.

1699இல் சுல்தான் இரண்டாம் மாமுட் தொழுகைக்குப் பல்லக்கில் சென்றபோது கொல்லப்பட்டார். பெந்தான் தீவைச் சேர்ந்த படைத்தலைவன் மெகாட் ஸ்ரீ ராமா, அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளையைத் தின்றாள் என்பதற்காகத் தன் கர்ப்பிணி மனைவியின் வயிற்றைக் கிழிக்கச் செய்த சுல்தானைப் பழிவாங்கினான் என்பது வழிவழிக் கதை. பெந்தான் வழித்தோன்றல்கள் ஏழு தலைமுறைக்குக் கோத்தா திங்கியில் கால் வைக்கக் கூடாது என்று சுல்தான் இறக்கும்போது சாபமிட்டதாகவும் சொல்வர். கொலைக்குப் பின்னால் அரசவைப் பிரபுக்களின் சதி இருந்தது என்பதே பொருத்தமாகப் படுகிறது. சுல்தான் வாரிசின்றி மறைந்ததால் முதலமைச்சரான பெண்டஹாரா அப்துல் ஜலீல் அரியணை ஏறினார். மறைந்த சுல்தானின் மகன் என்று சொல்லிக்கொண்டு ராஜா கெச்சில் 1718இல் படையெடுத்து வந்தார். சுல்தானின் கல்லறை கம்போங் மக்காமில் உள்ளது.

இதன்பின் அரசு ரியாவ் தீவுகளுக்கு நகர்ந்தது. 1855இல் ஜொகூரின் ஆட்சியைப் பெற்ற, தெமெங்கோங் என்னும் பட்டமுடைய இப்ராகிம், சிங்கப்பூருக்கு நேரெதிரே தஞ்சோங் புத்ரியை, இன்றைய ஜொகூர் பாருவை, வளர்த்தார். கோத்தா திங்கியின் ஆறும் கரையும் மீனவரிடமும் காட்டிடமும் திரும்பின. இக்கரை நெடுங்காலம் அமைதியாக இருந்ததற்கு அரசும் வணிகமும் கைவிட்டுப் போனதே முதற்காரணம். இயற்கை வளம் அதனால்தான் எஞ்சியது.

செடிலி ஆற்றோர நன்னீர்ச் சதுப்புக்காடு தாவரவியலாரிடையே புகழ்பெற்றது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய இ. ஜே. எச். கார்னர் இரண்டாம் உலகப் போருக்கு முன் இங்கு ஆய்வு செய்தார். 1978இல் தென் ஜொகூர், சிங்கப்பூர் நன்னீர்ச் சதுப்புக்காடுகளைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். உயர்ந்த மரங்களின் கிளைகளைப் பறித்துத் தர, தேங்காய் பறிக்கப் பழக்கப்படும் பெரோக் குரங்குகளை அவர் பயன்படுத்தினார். மேற்கே உள்ள பந்தி மலைக்காடு பறவை நோக்குநர் தேடிவரும் இடம். ஜொகூர் ஆற்றின் உவர்நீர்ப் பகுதியில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் திரண்டு ஒருசேர மின்னும். மாலையில் படகில் சென்று பார்க்கலாம். மூந்தாகாக் மலையடியில், நகரிலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ள லொம்போங் அருவி, தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்கள் வார இறுதியில் சோறு கட்டிக்கொண்டு போகும் இடமாக நெடுநாளாக இருந்துவருகிறது. சுற்றிலும் இருந்த ரப்பர் தோட்டங்களில் பல செம்பனையாக மாறிவிட்டன. நகரில் ஜாலான் தாஜூல் தமிழ்ப்பள்ளி உள்ளது.

1972இல் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் (கெஜோரா) அமைக்கப்பட்டது. காடழித்துக் குடியேற்றத் திட்டங்களை வகுத்த அவ்வாரியம், சவுக்கு மரங்கள் நிழல்தரும் தேசாரு மணற்கரையை உல்லாசத்தளமாக ஒதுக்கியது. தஞ்சோங் பாலாவில் மீனவர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2011இல் செனாய்–தேசாரு விரைவுச்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. ஜொகூர் ஆற்றைக் கடக்கும் அதன் பாலத்தின் நடுத்தாவு 500 மீட்டர். 2018 முதல் பெரிய விடுதிகளும் நீர்ப்பூங்காவும் வந்துள்ளன. 2022இல் சிங்கப்பூரின் தானா மேராவிலிருந்து நேரடிப் படகுச் சேவை தொடங்கியது. பெங்கெராங்கில் பெட்ரோனாஸின் பெட்ரோலிய வேதித் தொழிலகம் எழுந்ததால் சில கிராமத்தார் மாற்றிடங்களில் குடியமர்த்தப்பட்டனர். சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து மிதிவண்டியுடன் சிறுபடகில் பெங்கெராங் வருவோரும், சுங்கை ரெங்கிட்டில் சிங்கி இறால் உண்ண வருவோரும் உண்டு.

கரையிலிருந்து 7.7 கடல் மைல் தொலைவில் பத்து பூத்தே என்ற பாறைத்தீவு உள்ளது. 1851இல் கட்டப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் அதில் நிற்கிறது. 2008 மே 23 அன்று அனைத்துலக நீதிமன்றம் இத்தீவு சிங்கப்பூருக்கும், அருகிலுள்ள நடுப்பாறைகள் மலேசியாவுக்கும் உரியவை என்று தீர்ப்பளித்தது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும். அலைச்சறுக்கு ஆடுவோர்க்கு அது நல்ல காலம். மற்றவர்கள் மார்ச்சுக்குப் பின் செல்வதே நல்லது. சிவப்புக்கொடி ஏற்றிய நாளில் எவரும் கடலில் இறங்கக் கூடாது.