மிருக வைத்தியரும் சீனி வருத்தக் குளிசையும்

வெள்ளவத்தையில் எந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்த்தாலும் ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் மெட்ஃபோர்மின் அட்டை ஒன்று கிடக்கும். பாதிக் குளிசை தீர்ந்து, வெள்ளித்தாள் கிழிந்து. அந்தச் சீனி வருத்தக் குளிசை கேம்பிரிட்ஜின் நரம்பு ஆய்வுகூடத்துக்குப் போன கதைதான் இந்த வாரம்.

அந்த ஆய்வுகூடத்தின் ரொபின் ஃபிராங்க்ளின் படித்தது மிருக வைத்தியம். ஆயுளைக் கொடுத்தது மல்டிபிள் ஸ்க்லெரோசிஸுக்கு. 1868இல் பாரிஸில் நரம்பியல் வைத்தியர் ஷார்கோ விவரித்த வருத்தம் அது. நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடும். உறை இருக்கும்வரை செய்தி கடுகதி ரயில். இங்கொன்று அங்கொன்றாகத்தான் தரிக்கும். உறை போனால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்கும். சிலவேளை கோட்டைக்கு வந்தே சேராது. கண் மங்கும், கால் விறைக்கும்.

மூளையில் போனது போனதுதான் என்று நெடுநாள் நம்பினார்கள். 1961இல் ரிச்சர்ட் பஞ்சும் மனைவி மேரியும், வளர்ந்த பூனையின் முள்ளந்தண்டு வடத்தில் மயலின் திரும்பச் சுற்றிக்கொள்வதைக் கண்டார்கள். அப்படியானால் நோயாளிகளுக்கு ஏன் ஆறுவதில்லை? இந்தக் கேள்வியைத்தான் ஃபிராங்க்ளின் விடாமல் பிடித்துக்கொண்டார். வயதுதான் முக்கிய தடை என்றார்.

2012இல் அவரும் ஹார்வர்டின் ஏமி வேகர்ஸும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, வாசிக்கவே கூசும். கிழட்டுச் சுண்டெலியையும் இளசையும் இரத்தம் கலக்கும்படி உடம்போடு உடம்பாகத் தைத்தார்கள். இளசின் வெள்ளணுக்கள் போய், சிதைந்து கிடந்த மயலின் குப்பையை அள்ளின. கிழட்டு எலியிலும் உறை வளர்ந்தது.

2019இல் தையல் வேண்டியிருக்கவில்லை. கிழட்டு எலிகளை ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி போட்டார்கள், உறை மீண்டது. பட்டினிக்குப் பதிலாக மெட்ஃபோர்மின் கொடுத்தும் அதே பலன். (ஆச்சிமாரின் கந்தசஷ்டி விரதத்தை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். எலிக்கு நடந்தது எலிக்கு.)

2022இல் ஃபிராங்க்ளின் மூப்பை ஆராயும் அல்டோஸ் லாப்ஸுக்குப் போய்விட்டார். கேம்பிரிட்ஜ் வைத்தியர்கள் 70 நோயாளிகளிடம் மெட்ஃபோர்மினையும் கிளெமாஸ்டீன் என்ற ஒவ்வாமைக் குளிசையையும் சேர்த்துப் பரிசோதித்தார்கள். 2025இல் முடிவு வந்தது: கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் செய்தியின் வேகத்தில் சிறு நன்மை, ஆனால் நோயாளிகளின் பார்வையிலோ நடையிலோ மாற்றம் தெரியவில்லை.

ஆகையால், மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் உள்ளவர்கள் மேசையில் கிடக்கும் அட்டையை உடைத்து விழுங்கிவிடாதீர்கள். முதலில் உங்கள் நரம்பியல் வைத்தியரைக் கேளுங்கள்.