கழுகு வீரனுக்கு மறுபடி இறகு

ஆள் உயரச் சிலையைச் சுட்ட மண்ணில் செய்வதென்றால் முதல் தலைவலி சூளைதான். கனமாக வனைந்தால் வெடிக்கும், மெலிதாக வனைந்தால் தன் பாரத்திலேயே சரியும். பதினைந்தாம் நூற்றாண்டில், அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானில் கழுகு வீரனை உருவாக்கியவர்கள் உடம்பைத் துண்டு துண்டாக, உள்ளே கூடாக வனைந்து, சுட்டபின் ஒன்றோடொன்று பொருத்தினார்கள். பிளந்த கழுகலகுக்குள் ஒரு மனித முகம், கைகளில் சிறகு, முழங்காலருகே வளைந்த கழுகு நகம். உயரம் சுமார் 170 சென்டிமீட்டர், சிறகோடு சேர்த்த அகலம் 118. இப்போதே கிளம்பிப் பறப்பவனைப்போல உடம்பு சற்று முன்னால் சாய்ந்திருக்கும்.

சூளையோடு வேலை முடியவில்லை. மேலே சுண்ணச் சாந்து பூசி, அதில் இறகுகளை வடித்து, வண்ணமும் ஏற்றினார்கள். அந்தச் சாந்து இன்று அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் ஒட்டியிருக்கிறது. புகைப்படங்களில் நாம் பார்த்துப் பழகிய மண்நிற மேனி அவனுடைய உள்ளுடம்பு. செய்தவர்கள் யாரும் பார்க்கும்படி விட்டுவைத்ததல்ல அது.

நகரின் பெருங்கோயிலான டெம்ப்ளோ மயோருக்கு வடக்கே இருந்த ‘கழுகுகளின் இல்லம்’ என்ற கட்டடத்தில், வாசலுக்கு இருபுறமும் திண்ணைமேல் இப்படி இருவர் நின்றார்கள். பிற்பாடு அந்தக் கட்டடத்தைப் பெரிதாக்கியபோது பழையதை மூடி அதன்மேலேயே புதியதை எழுப்பினார்கள். அதுதான் அவர்களைக் காப்பாற்றியது. 1521இல் நகரைப் பிடித்த ஸ்பானியர்கள் கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் இடித்தார்கள்; அதற்கும் கீழே இருந்தது தப்பியது.

பிறகு நானூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இருட்டு. 1978 பிப்ரவரியில் மின்வாரியத் தொழிலாளர்கள் தெருவைத் தோண்டுகையில் கொயொல்ஷாவ்கி தேவியின் பெரிய வட்டக்கல் தட்டுப்பட்டது. அதைத் தொடர்ந்து எட்வார்டோ மத்தோஸ் மொக்தெசூமா தலைமையில் நடந்த அகழாய்வில், எண்பதுகளின் தொடக்கத்தில், கழுகு வீரர்களும் வெளியே வந்தார்கள். ஒட்டிச் சேர்த்து நிமிர்த்தினார்கள். 1987இல் திறந்த டெம்ப்ளோ மயோர் அருங்காட்சியகம் அவர்களுக்கு வீடானது. 2002இல் லண்டன் ராயல் அகாடமி நடத்திய அஸ்டெக் கண்காட்சிக்கு அவர்களில் ஒருவன் கடல் கடந்தும் போனான். பெயரிலும் தகராறு உண்டு: இவன் போர்வீரனே அல்ல, உதிக்கும் சூரியன் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கட்டடம் அரச சடங்குகளுக்கானது என்பதால் அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

இப்போது இவன் போகும் இடம் மாடல் செய்பவர்களின் மேசை. பத்தில் ஒரு பங்கு அளவில் மார்பளவுச் சிலை, கம்பிமேல் அலுமினியத் தாள் சுருட்டி, அதன்மேல் எபாக்சி புட்டி. கழுகு வீரன் என்றால் எல்லாருக்கும் ஆசை. ஆனால் முதல் தடவை வெளிவரும் பதிப்பு பெரும்பாலும் அந்த மண்நிறப் படத்தின் நகலாகவோ, சினிமா மல்லனாகவோ இருக்கும். மறுவேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் மார்பு. வரிவரியாகத் தசை காட்டுவதைச் சுரண்டி எடுக்க வேண்டியதுதான். அஸ்டெக் வீரன் இச்காவிபில்லி என்ற பஞ்சு தைத்த தடித்த கவசம் அணிந்தான். வெயிலில் இரும்புக்கு இது மேல் என்று ஸ்பானிய வீரர்களே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அதற்குமேல் உயர்நிலை வீரர்களுக்கு இறகு தைத்த முழு உடுப்பு. 1540களில் வரையப்பட்ட மெண்டோசா ஓவியச் சுவடியில் இந்த உடுப்புகளைப் பார்க்கலாம். உடம்பு அதற்குள் உருண்டையாகத்தான் தெரியும், வெட்டாகத் தெரியாது.

அடுத்தது இறகு. கூரைக்கு ஓடு வேய்வதுபோல் கீழ் வரிசையிலிருந்து மேலே ஏற வேண்டும். மேலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசைக்கு அடியில் செருக வேண்டிவரும், புட்டி அதற்கு இடம் கொடுக்காது. கழுத்தில் சிறிதாக, குறுகலாக. தோளுக்கு வர வர அகலமாக. ஒவ்வொன்றிலும் நடுநரம்பை ஆழமாகக் கீறாதீர்கள். வண்ணம் போய் அங்கே தேங்கி, இறகு வேப்பிலையாகிவிடும். அசலில் இது தனித் தொழில். இறகுக் கலைஞர்கள் ஆர்க்கிட் கிழங்கிலிருந்து எடுத்த பசையால் ஒட்டியதை சாகுன் பாதிரியார் தொகுத்த நூல் விவரமாகச் சொல்கிறது.

மூன்றாவது கழுகு. தலையில் வெள்ளை அடித்தால் அது அமெரிக்க நாணயத்துக் கழுகு. பெருங்கோயிலின் காணிக்கைக் குழிகளில் எலும்பாகக் கிடைத்தது பொன்னிறக் கழுகு: பழுப்பு உடல், பிடரியில் பொன் சாயல், மஞ்சள் மூக்கடி, கருநீல அலகு நுனி.

பிரதிகள் எடுக்க அலகை வார்க்கும்போது இன்னொரு சிக்கல். திறந்த வாய்க்குள் முகம் இருப்பதால் சிலிகான் அச்சு உள்ளே மாட்டிக்கொண்டு கிழியும். கீழலகைத் தனித் துண்டாக வெட்டி வார்த்து, பிறகு ஒட்டுவதே சரி. பழைய குயவர்களும் துண்டாகத்தானே செய்தார்கள்!

தசையைக் குறைத்து, இறகைக் கூட்டி, வெள்ளைத் தலையை மாற்றிய பதிப்பு முதலாவதைவிடச் சாதுவாகத் தெரியும். விற்பனைக்கு அது நல்லதல்ல என்பார்கள். என் கணக்கில் அதுதான் சிற்பம், முந்தையது பொம்மை. செய்யப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் நம்பித் தொடங்காதீர்கள். பக்கவாட்டுப் படம் கையில் வரும்வரை புட்டியைப் பிசைய வேண்டாம். அலகு எவ்வளவு நீள்கிறது என்பது அதில்தான் தெரியும்.